நான் தட்டச்சு செய்த பன்னிரண்டு வரிகள்

அந்த மனிதர் என் கடைக்குள் நுழைந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய பதவியோ பவிசோ அல்ல, அவர் வீட்டு நாய். கேட்டுக்கு வெளியே நின்ற என் அம்மாவைப் பார்த்து விடாமல் குரைத்த வெள்ளை நாய். இந்நேரம் அது செத்து எலும்பும் மக்கிப் போயிருக்கும். அதன்மீது எனக்குக் கோபம் கிடையாது. அது தன் வேலையைச் செய்தது. தன் வேலையைச் செய்யாதவர் அவர்தான்.

செர்டாங் டவுனில் ஒரு காப்பிக்கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது என் போட்டோஸ்டேட் கடை. நகல் எடுப்பேன், லேமினேட் செய்வேன், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பேன். ஆனால் சுற்றியிருக்கிற செம்பனைத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வருவது பாரம் என்று நாங்கள் சொல்கிற படிவங்களை நிரப்பத்தான். அதிலும் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பம் என்றால் கரங்கானிலிருந்துகூட வருவார்கள். இப்போதெல்லாம் அது முழுக்க இணையத்தில்தான். பன்னிரண்டு படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். எது மேலே, எது கீழே என்பதில்தான் பிள்ளையின் தலையெழுத்து இருக்கிறது. மேலே இரண்டு ஆசைக்கு, நடுவில் எட்டு, பிள்ளை எடுத்த புள்ளிக்குத் தகுந்தபடி, கீழே இரண்டு கண்டிப்பாகக் கிடைக்கக்கூடியவை. இதுதான் நான் எல்லாருக்கும் ஓதுகிற வேதம். கேட்காத பெற்றோரை நான் விடமாட்டேன். கோயில் தலைவரையே, "உங்க கௌரவத்துக்குப் புள்ள வீட்ல உக்காரணுமா அண்ணே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கோபத்தில் வந்தேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் அன்று என் கடைக்குள் நுழைந்த அதே மனிதர்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஆறாம் படிவத்தை முடிக்கிற எஸ்டிபிஎம் தேர்வின் ரிசல்ட் நன்றாக வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கொடுத்துக் கடிதமும் வந்தது. தோட்டத்து லயத்தில் எங்கள் வரிசையில் அப்படி ஒரு கடிதம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. கடிதத்தோடு சான்றிதழ்களின் நகல்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நகலிலும் ஓர் அதிகாரி, அசலைப் பார்த்தேன், இது சரியான நகல்தான் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். எங்கள் பேச்சில் அதற்குச் சாப்பு அடிப்பது என்று பெயர். தோட்டத்தில் பிறப்புப் பத்திரத்திலிருந்து உதவித்தொகைப் பாரம் வரை எல்லாவற்றுக்கும் சாப்பு அடிக்கிறவர் ஒருவர்தான், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

முதல் நாள் மாலை அம்மா போனாள். தலைமையாசிரியர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாராம். தலையைத் தூக்காமலேயே, "இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்க" என்றாராம். இரண்டாம் நாள் நானும் கூடப் போனேன். மழைக்கு முன்னால் ரப்பர் பாலை நிறுக்கக் கொடுத்துவிட்டு, அம்மா வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். அவர் கேட்டுப் பக்கம் வந்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, குளிச்சிட்டு வரக் கூடாதா? பேப்பரெல்லாம் ஒட்டுப்பால் வாடை அடிக்குது."

அம்மா, "மன்னிச்சுக்குங்க சார், புள்ளைக்கு நாளு நெருங்கிருச்சு" என்றாள்.

"எதுக்கு, டீச்சராவா?" என்று என்னை ஒருமுறை பார்த்தார். "தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் டீச்சரா போயிட்டா பால்மரம் யாரும்மா வெட்டுறது?" என்று சொல்லிச் சிரித்தார். உறையைக் கையில்கூட வாங்கவில்லை. நாய் மட்டும் குரைத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அம்மா குளித்து, தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அவர் பினாங்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார். திரும்ப இரண்டு நாள் ஆகும் என்று வீட்டம்மா சொன்னார். இரண்டு நாள் எங்களிடம் இல்லை. சாப்பு இல்லாமலேயே நகல்களை அனுப்பினோம். பதில் வரவில்லை. அம்மா அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் பாலுக்கு மரம் வெட்டப் போய் வந்தாள். அதற்கடுத்த மாதம் நான் குலிமில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன்.

கொடுமை இதோடு முடியவில்லை. தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த ஒரு மலாய் அக்காவிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் வாயைப் பிளந்தார். அரசாங்க டாக்டர் சாப்பு அடிக்கலாம், போலீஸ் அதிகாரி அடிக்கலாம், வட்டாரத்தைப் பார்த்துக்கொள்கிற பெங்ஹுலு அடிக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். பெங்ஹுலு அலுவலகம் எங்கள் பள்ளி பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது! ஏழு வருடம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நின்றேன். அதற்குள் போகலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தமிழ் பேசுகிற ஒரே ஓர் அதிகாரி அந்தத் தலைமையாசிரியர், அதனால் எங்களுக்கு அவர்தான் அரசாங்கம். தெரியாமல் போனது எங்கள் மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்குத் தெரியுமே. "எனக்கு நேரமில்ல, பெங்ஹுலுகிட்ட போங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் பிறகு இந்தக் கடையைப் போட்டேன். யார் யார் சாப்பு அடிக்கலாம் என்ற பட்டியலைச் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டினேன். தெரியாமல் ஒரு பிள்ளையும் கெட்டுப்போகக் கூடாது என்பது என் வைராக்கியம். ஊரில் அதைச் சேவை என்றார்கள். எனக்குத் தெரியும், அதில் பாதி பழிதான்.

இருபத்தைந்து வருடம் கழித்து அவர் வந்தார். ஓய்வு பெற்றும் அதே வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பின்னால் சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்தபடி ஒரு பெண். நாற்பத்தைந்து வயதில் பிறந்த ஒரே மகள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் மகளோடு ஆறாம் படிவத்தில் ஒரே வகுப்பில் படிக்கிறவள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"வணக்கம்மா. யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணணும். இங்கதான் நல்லா செய்வாங்கன்னு சொன்னாங்க."

"உக்காருங்க சார்" என்றேன். சார் என்று தன்னால் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர்" என்றார். தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. அது இன்னும் எரிந்தது. அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன் மறக்கமாட்டான் என்பது சரிதான்.

அந்தப் பெண்ணின் முந்தைய இரண்டு பருவத்துப் புள்ளிகளைப் பார்த்தேன். நல்ல பிள்ளைதான், கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. அறிவியல் ஆசிரியர் படிப்புக்குத் தாராளமாகப் போதும். உணவியல், வேளாண்மை என்றாலும் கிடைக்கும். டாக்டர் படிப்புக்கு எட்டவே எட்டாது. தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்து, வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"ஒண்ணு, மெடிசின். போட்டுக்குங்க."

போட்டேன். இரண்டும் மெடிசின், மூன்றும் மெடிசின், பல்கலைக்கழகம்தான் வேறு. பிறகு பல் மருத்துவம், பிறகு மருந்தியல். பத்தாவது வரி வந்தபோது அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆண்ட்டி, கடைசியில ஒண்ணு சயன்ஸ் டீச்சிங் போடலாமா?"

"வாத்தியார் வேலை எல்லாம் வேணாம். முப்பத்தஞ்சு வருசம் நான் பட்டது போதும்" என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்குள்.

அவள் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இந்த இடத்தில் என்னை இப்படித்தான் பார்ப்பார்கள். பெற்றோரிடம் தங்களால் சொல்ல முடியாததை நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நானும் சொல்வேன். சண்டை போட்டாவது கீழே இரண்டு வரியை மாற்றிவிடுவேன். அன்று வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தேன். பதினொன்று, மருந்தியல். பன்னிரண்டு, பல் மருத்துவம்.

"சரியா சார்? அனுப்பிறட்டா?"

"அனுப்புங்க."

அனுப்பினேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் செய்தேன். எங்கம்மா கேட்டில் நின்றபோது அவர் என்னைப் பற்றி நினைத்தாரா? அவர் மகள் ஒரு வருடம் வீட்டில் உட்காரட்டும். ஊர்க்காரர்கள் கோயிலில் வைத்து, "பாப்பாவுக்கு எங்க சார் கெடைச்சுது?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாமல் அவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பின்பக்க வழியாகப் போகட்டும். இதைத்தான் நான் ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை. பொய் சொன்னேனா? இல்லை. ஏமாற்றினேனா? அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் எனக்கும் ஒரு பிள்ளை இருந்தாள் என்பதை மறந்துவிடக் கூடாது. என் மகள் பிடிவாதமாக முதல் வரியிலேயே ஆசிரியர் படிப்பைப் போட்டிருந்தாள். உங்களுக்காக இல்லைம்மா, எனக்குப் பிடிக்கும் என்றாள். நான் நம்பவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டேன். எஸ்டிபிஎம் ரிசல்ட் வந்தது. அவளுக்கு நன்றாகவே வந்தது. தலைமையாசிரியர் மகளுக்கு நான் எதிர்பார்த்தபடியே சுமார்தான் என்று என் மகள்தான் வந்து சொன்னாள்.

ரிசல்ட் வந்த பிறகு வரிசையை மாற்றிக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் கொடுப்பார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இருக்காது. ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் போட்டு, "பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, மாத்தணும்" என்று விரட்டுவேன். புக்கிட் செலம்பாவில் ஒரு தகப்பனார் போனை எடுக்கவில்லை என்று அவருடைய தம்பி நம்பரைத் தேடிப் பிடித்துத் திட்டினேன். தலைமையாசிரியரின் நம்பரும் என் போனில் இருந்தது. அதை நான் தொடவில்லை.

பிறகு காத்திருப்பு. பல்கலைக்கழக முடிவு வரும்வரை ஒரு தாய் படுகிற பாட்டை வெறும் பிரசவ வலியோடு ஒப்பிட முடியாது. அதில் எப்போது முடியும் என்றாவது தெரியும். என் கணவர் எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர்கூட மகளிடம் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்துவிட்டார். பெற்றோர் தினமும் போன் செய்வார்கள். "வந்திருச்சாம்மா?" "இன்னும் இல்லண்ணே, வந்தா நானே கூப்புடுறேன்லா." அடுத்த நாளும் அதே அண்ணன், அதே கேள்வி.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். இரண்டு தேங்காய் வாங்கினேன். குருக்கள், "மகளுக்கு ஒண்ணு சரி, இன்னொண்ணு யாருக்கும்மா?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க புள்ளைக்கு" என்றேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதை அம்மனிடம் மட்டும் சொன்னேன். மகளுக்கு உடைத்த காய் கோணலாக உடைந்தது. இரண்டாவது சரிபாதியாக உடைந்து வெள்ளை வெளேரென்று சிரித்தது. அம்மன் என் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

முடிவு வருகிற நாள் பன்னிரண்டு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். பதினோரு மணிக்கே கடை நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லாப் போனிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கடையில் கம்பிவழி இணைப்பு, கொஞ்சம் பரவாயில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அச்சடித்த கடிதத்தைக் கையில் பிடித்தால்தான் எங்கள் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். தலைமையாசிரியர் எல்லாருக்கும் முன்னால், பத்தரைக்கே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணிடம் பொத்தான் போன்தான் இருந்தது, படிப்பு கெடும் என்று நல்ல போனை அவர் பிடுங்கி வைத்திருந்தாராம். அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் முதலில் என் மகளின் அடையாள அட்டை எண்ணைத்தான் அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். திரையில் முதலில் ஒரே ஒரு சொல்தான் பார்க்க வேண்டும். தஹ்னியா என்று வந்தால் வாழ்த்துகள். டுக்காச்சித்தா என்று வந்தால் வருந்துகிறோம். தஹ்னியா வந்தது. முதல் வரியில் போட்ட ஆசிரியர் படிப்பே வந்தது. நான் கத்திய கத்தலில் காப்பிக்கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் அழுதுகொண்டே அவர் பக்கம் பார்த்தேன். அவரும் எழுந்து நின்று, "சந்தோசம்மா, பாப்பாவுக்கு வாழ்த்து" என்றார். அவர் வாழ்த்து யாருக்கு வேண்டும்?

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த மழுப்பலும் இல்லாமல் எழுதிவிடுகிறேன். அவரைக் காக்க வைத்தேன்.

"சார், கொஞ்சம் இருங்க, இவங்க தோட்டத்துலேர்ந்து வந்தவங்க, பஸ்ஸு போயிரும்" என்று ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டேன். அவர்களுக்குத் தஹ்னியா. பிறகு தொழிற்சாலைச் சட்டையோடு ஓடி வந்த ஓர் அம்மா. பிறகு தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே நின்ற கரங்கான் தகப்பனார். அவருடைய மகனுக்குத் தீபகற்பத்தின் அந்தக் கோடியில் இடம் கிடைத்தது. அவ்வளவு தூரமா என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதர் சிரித்தார். தலைமையாசிரியர் ஒருமுறை எழுந்து வந்தார்.

"எங்களது பாத்துறலாமாம்மா?"

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்."

சிஸ்டம் அப்போது குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை வந்தார். அப்போது சாப்பிடப் போவதாகச் சொன்னேன். உள்ளே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். திரை இடுக்கில் அவர் தெரிந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அம்மா, பார்த்தாயா என்று மனதுக்குள் சொன்னேன். அம்மா செத்து ஆறு வருடமாகிறது.

மூன்று மணிக்குக் கடை காலியான பிறகுதான் கூப்பிட்டேன். மற்றவர்களுக்கு வருந்துகிறோம் என்று வந்தால் நான் திரையைக் காட்டமாட்டேன். முதலில் தண்ணீர் கொடுப்பேன், பிறகு மெதுவாகச் சொல்வேன். அவருக்குத் திரையை முழுதாக அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எண்ணை அடித்தேன்.

டுக்காச்சித்தா.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொருமுறை படித்தார். பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் கோப்பின் ரப்பர் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு என்னிடம் இருந்தது. நீளமான பேச்சு. வாயைத் திறந்ததும் அதில் பாதி காணாமல் போய்விட்டது.

"சார், என்னைத் தெரியுதா? ரெண்டாவது லயத்துல இருந்தோம். எங்கம்மா சாப்பு அடிக்க உங்க கேட்டுல மூணு நாளு நின்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தெரியும்மா."

"என்னா தெரியும்?"

"மொத நாளே தெரியும். அப்படியே உங்கம்மா முகம். தெரிஞ்சுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எத்தனையோ புள்ளைங்கள நீங்க ஏத்தி விட்டிருக்கீங்க, ஊரே சொல்லுது. எம்மேல இருக்கிற கோவத்த புள்ளமேல காட்ட மாட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கு இந்தக் காலத்துப் பாரம் தெரியாது. நான் தப்பா சொன்னா நீங்க திருத்துவீங்கன்னு இருந்தேன்."

மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை, கவனியுங்கள். உண்மையாகவே நம்பித்தான் வந்தாரா, இல்லை அந்த நிமிடத்தில் கதை கட்டிப் பழியை என் தலையில் போட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளையும் பெற்றோரையும் சமாளித்த வாய் அது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"நீங்க சொன்னதத்தான் சார் தட்டினேன். ஒரு எழுத்து மாத்தல."

"அதான்மா" என்றார் அவர்.

என் மகள் பின்னால் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இயந்திரம் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அவள் முன்னால் வந்து திரையில் கீழே இறக்கி அந்தப் பன்னிரண்டு வரிகளையும் படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அம்மா, எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். மகள் இடையில் ஒருமுறை தலைமையாசிரியரிடம் அடையாள அட்டை கேட்டாள், கொடுத்தார். நான் என் கடையிலேயே வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த மேல்முறையீடு பலிக்கவில்லை. மீதமிருந்த இடங்களில் ஆசிரியர் படிப்பு இல்லை. அந்தப் பெண் இப்போது ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை செய்துகொண்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கிறாள். கோயிலில் ஜனங்கள் அவரிடம் கேட்கிறார்கள். நான் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்தது. அவர்மேல் எனக்கு இன்னும் இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் அது பொய்.

அன்று அவர்கள் போன பிறகு ஐந்து மணிக்குக் கடையைச் சாத்தினோம். கதவை இழுத்துவிடும்போது நானே ஆரம்பித்தேன்.

"உனக்குத் தெரியாது. அந்த ஆளு எங்கம்மாவ..."

"தெரியும்மா. நூறு தடவ சொல்லியிருக்கீங்க."

பூட்டைப் பூட்டிவிட்டுக் குனிந்தபடியே இருந்தாள்.

"மாத்துறதுக்கு ஒரு வாரம் இருந்துச்சுல்ல, அப்ப அவ அந்த லிஸ்ட்ட எழுதிட்டு வந்து சர்டிபிகேட் வாங்க ஸ்கூலுக்குப் போனப்ப எங்கிட்ட காட்டினா. எல்லாம் பெரிய பெரிய கோர்ஸா இருக்கே, அப்பாவுக்குத் தெரியாம உங்ககிட்ட வந்து கீழ ரெண்டு மாத்தவான்னு கேட்டா. எனக்கும் ஒரு மாதிரியாதான் இருந்துச்சு."

"நீ என்னா சொன்ன?"

"எங்கம்மா தட்டினது, தப்பா இருக்காது, நீ நிம்மதியா இருன்னு சொன்னேன்."